600 வரி இருந்தாலும் ஆட்கள் 20 பேர்தான்

தமிழ்99 (தமிழ் எழுத்துகளுக்கென அமைந்த விசைப்பலகை), ஒலிபெயர்ப்பு விசைப்பலகை (ammaa என அடித்தால் அம்மா வருவது) இரண்டில் எதில் வேகமாகத் தட்டச்சு செய்யலாம் என்று சோதிக்கிறீர்கள் என வைத்துக்கொள்வோம். 20 பேர், ஆளுக்கு ஒவ்வொன்றிலும் 15 வாக்கியம். எக்செலில் 600 வரி சேர்ந்துவிடும். உடனே 300, 300 எனப் பிரித்து டி-சோதனையில் (இரண்டு சராசரிகளின் வேறுபாடு வெறும் தற்செயலா என்று பார்க்கும் சோதனை) போட்டுவிடாதீர்கள்.

ஒரு விசைப்பலகை ஒருவருக்குக் கைவந்துவிட்டால் அவருடைய 15 வாக்கியமும் ஒரே பக்கம்தான் சாயும். ஒரே ஆளின் சாட்சியைப் 15 பேர் சொன்னதாக எண்ணினால் பி-மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவோ இதற்கு மேலோ வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு) பொய்யாகச் சிறுத்துவிடும். ஆய்வேடுகளில் அடிக்கடி நடப்பது இதுதான்.

எளிய வழி: ஒவ்வொருவருக்கும் இரண்டு சராசரி எடுங்கள், அவற்றின் வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். கிடைக்கும் 20 வித்தியாசங்களுக்கு இணை டி-சோதனை போதும். வாக்கியங்களின் கடினமும் மாறுபடுகிறது என்றால் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில், ஆளுக்கு ஆள், வாக்கியத்துக்கு வாக்கியம் உள்ள மாறுபாட்டைச் சேர்த்துக் கணக்கிடும் கலப்பு மாதிரியைப் பொருத்தலாம்.

சரி, 20 பேர் போதுமா? வித்தியாசத்தின் சராசரி அதன் திட்ட விலக்கத்தில் (ஆளுக்கு ஆள் அது எவ்வளவு சிதறுகிறது என்பதன் அளவு) பாதி அளவு இருந்தால், 5% பொருண்மை மட்டத்தில் (பி-மதிப்பு 0.05க்குக் கீழே வர வேண்டும் என்ற வரம்பில்) அதை 80% வாய்ப்போடு பிடிக்க 34 பேர் வேண்டும். இரண்டு தனிக் குழுக்கள் என்றால், அதே 0.5 அளவு வேறுபாட்டுக்குக் குழுவுக்கு 64 பேர். இந்தக் கணக்கை ஆட்களைக் கூப்பிடும் முன்பே போடுங்கள். பாதியில் முடிவை எட்டிப் பார்த்து ஆள் சேர்ப்பது கூடாது.

அப்புறம், எது முதலில் வந்தது என்பது முடிவை ஒரு பக்கம் சாய்க்காமல் இருக்க, பாதிப் பேர் தமிழ்99இலும் மீதிப் பேர் மற்றதிலும் தொடங்கட்டும். யாருக்கு எது முன்பே பழக்கம் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.