எக்செல் வரைபடத்தில் ஆண்டுகள் தனிக்கோடாக வந்தால்

எக்செலில் முதல் நெடுவரிசையில் 2019, 2020, 2021 என ஆண்டுகளையும் அடுத்ததில் விற்பனைத் தொகையையும் இட்டுக் கோட்டு வரைபடம் போட்டால், ஆண்டுகள் கீழே அச்சில் அமையாமல், தாமும் ஒரு தரவுத் தொடராகி, ஏறத்தாழக் கிடைக்கோடாக ஓடுவதைப் பலரும் பார்த்திருக்கலாம். ஆண்டும் எண்ணாகவே இருப்பதால், மென்பொருள் அதையும் ஓர் அளவாகவே எடுத்துக்கொள்கிறது.

இதற்கு எளிய வழி, ஆண்டு நெடுவரிசையின் தலைப்புக் கட்டத்தை, அதாவது அட்டவணையின் இடது மேல் மூலையை, வெறுமையாக விட்டு, தலைப்புகள் உட்பட முழுப் பகுதியையும் தேர்ந்தெடுத்து, ‘இன்செர்ட்’ பட்டியில் கோட்டு வரைபடத்தைச் சொடுக்குவதாகும். வரைபடம் ஏற்கெனவே உருவாகிவிட்டதென்றால், அதன்மீது வலது சொடுக்கி ‘செலக்ட் டேட்டா’வைத் திறந்து, ஆண்டுத் தொடரை நீக்கிய பின், வலப்பக்கம் உள்ள ‘எடிட்’ பொத்தானை அழுத்தி, ஆண்டுகள் இருக்கும் கட்டங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம்.

புதிய ஆண்டுகளைச் சேர்க்கச் சேர்க்க வரைபடமும் தானாக நீள வேண்டுமானால், தரவுப் பகுதியில் கண்ட்ரோலையும் டி-யையும் சேர்த்து அழுத்தி அதை ‘டேபிள்’ ஆக மாற்றிக்கொள்வது நல்லது. ஆனால் டேபிளில் எந்தத் தலைப்பும் வெறுமையாக இருக்க முடியாது. எக்செல் தானே ஒரு பெயரை இட்டு நிரப்பிவிடும் (இந்த உதவியை நாம் கேட்பதில்லை என்பது வேறு). ஆகவே வரைபடத்தை முதலில் போட்டுவிட்டு, அதன் பிறகே டேபிளாக மாற்ற வேண்டும்.

கோட்டுக்குப் பதில் பட்டை வரைபடத்தைத் தேர்ந்தால், அச்சு பூச்சியத்தில் தொடங்குகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளவும்.