நினைவு, மறதிநோய், மன அதிர்ச்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவர் தனக்கு நேர்ந்த விபத்தை இன்று ஒரு மாதிரியும், இரண்டு மாதம் கழித்துச் சற்று வேறு மாதிரியும் சொன்னால், "முதலில் அப்படிச் சொல்லவில்லையே" என்று சந்தேகப்படுகிறோம். இன்னொருவர் எப்போதோ நடந்ததை நேரம், நிறம், உடுத்தியிருந்த உடை உட்படத் தயங்காமல் சொன்னால் அப்படியே நம்பிவிடுகிறோம். இரண்டுமே தவறு. நடந்தது நடந்தபடியே மூளைக்குள் பதிந்து கிடக்கிறது என்ற எண்ணத்திலிருந்து வருபவை இவை. மறதிநோய் (டிமென்ஷியா) வந்தவரிடமும், அதிர்ச்சியிலிருந்து மீண்டு வருபவரிடமும் நாம் செய்யும் பிழைகளில் பலவற்றுக்கு வேர் இந்த எண்ணம்தான்.

1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறிய மறுநாள் காலை, உளவியலாளர் உல்ரிக் நைசர் ஒரு வகுப்பு மாணவர்களிடம், அந்தச் செய்தி காதில் விழுந்தபோது எங்கே இருந்தீர்கள், யார் சொன்னார்கள் என்றெல்லாம் கேட்டு எழுதி வாங்கினார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டு கழித்து அவர்களிடமே மறுபடி கேட்டார்கள். பலருடைய பதில் முதலில் எழுதியதோடு ஒட்டவே இல்லை. மிக உறுதியாகச் சொன்னவர்களும் தவறியிருந்தார்கள். அவர்கள் கைப்பட எழுதிய பழைய தாளைக் காட்டிய பிறகும் அந்த முதல் நினைவு திரும்பவில்லை.

அதற்கு முன்பே, 1974இல், எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் கார்கள் மோதும் படக்காட்சியைக் காட்டிவிட்டு வேகம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டிருந்தார்கள். கேள்வியில் சாதாரணமாக "இடித்தபோது" என்று கேட்கப்பட்டவர்களிடம் ஒரு வேகமும், "மோதி நொறுங்கியபோது" என்று கேட்கப்பட்டவர்களிடம் அதைவிட அதிக வேகமும் பதிலாக வந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, "நொறுங்கியபோது" என்று கேட்கப்பட்டவர்களில் கூடுதலான பேர், படத்தில் இல்லவே இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னார்கள்.

ஆகவே, பாதிக்கப்பட்டவர் சொல்லும் விவரங்கள் ஓரங்களில் மாறினால் அதைப் பொய்யாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உயிர் பயத்தில் கவனம் முழுவதும் ஆபத்தின் மீதே குவியும், மற்றவை மங்கலாகவே தங்கும். அதே சமயம், "அவன் கையில் கத்தி இருந்ததா?" என்பது போல விடையைத் திணிக்கும் கேள்விகளையும் கேட்காதீர்கள். "அப்புறம் என்ன நடந்தது?" போதும். மறைந்து கிடக்கும் நினைவை வசியத்தூக்கத்தில் (ஹிப்னாடிசம்) வெளியே கொண்டுவருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து விலகிவிடுவது நல்லது. இல்லாத நினைவை அந்த முறையில் உருவாக்கிவிட முடியும்.

உடனே பேச வைப்பதும், பேசவே விடாததும்

பேரழிவு நடந்த அன்றோ மறுநாளோ பாதிக்கப்பட்டவர்களை உட்கார வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் செய்தால் மனப்பாரம் குறையும் என்று ஒரு காலத்தில் பரவலாக நம்பினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2002இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, இப்படி ஒரே அமர்வில் பேச வைப்பது அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோயைத் (பி.டி.எஸ்.டி.) தடுக்கவில்லை என்று காட்டியது. சாலை விபத்தில் காயமடைந்தவர்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்விலோ, ஆரம்பத்தில் அதிக பாதிப்போடு இருந்து இந்த அமர்வுக்குப் போனவர்களின் நிலை, போகாதவர்களைவிட மோசமாக இருந்தது. முதல் நாட்களில் தேவைப்படுபவை பாதுகாப்பான இடம், தூக்கம், உணவு, சொந்தக்காரர்களோடு தொடர்பு. அவராகப் பேசினால் கேளுங்கள். தோண்டாதீர்கள்.

அந்த நாட்களில் தூங்கட்டும், படபடப்பு அடங்கட்டும் என்று பென்சோடயசபைன் வகை மாத்திரை கொடுப்பதும் இன்னொரு தவறு. அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் அறிகுறிகளைக் குறைப்பதற்காக இந்த வகை மருந்தைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பு 2013 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது.

சரி, ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவுகள், திடுக்கிடல், அந்த இடத்தையே தவிர்ப்பது எல்லாம் நீடித்தால்? இங்கேதான் நேர் எதிரான தவறு நடக்கிறது. "அதை நினைக்காதே, மறந்துவிடு" என்று வீடே சேர்ந்து மூடி வைக்கும். அன்பினால்தான் செய்கிறார்கள், ஆனால் நோயை வளர்ப்பதே இந்தத் தவிர்ப்புதான். நினைவை நெருங்கினால் தாங்க முடியாது என்று மூளை கற்றுக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறை விலகும்போதும் அந்தப் பாடம் இன்னும் உறுதியாகிறது. ஈட்னா ஃபோவா உருவாக்கிய நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சை, பட்ரீசியா ரெசிக் உருவாக்கிய எண்ணச் சீராய்வுச் சிகிச்சை, கண் அசைவோடு செய்யப்படும் ஈ.எம்.டி.ஆர். ஆகிய மூன்றும், பயிற்சி பெற்றவர் துணையோடு அந்த நினைவைச் சந்திக்க வைக்கின்றன. பல வாரங்கள், ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு அமர்வுகள் ஆகலாம். இரண்டாவது அமர்வுக்குப் பிறகு மனம் கலங்குகிறது என்று நிறுத்திவிடுவது பெரிய இழப்பு. கலக்கத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள், வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

"கெட்ட நினைவை அழிக்கும் மாத்திரை" என்ற தலைப்பைப் பார்த்துக் காத்திருப்பவர்களும் உண்டு. அந்தத் தலைப்பின் மூலம் 2000இல் கரீம் நாதர், ஜோசஃப் லெடு குழு எலிகளிடம் செய்த சோதனை. பயந்த நினைவை எழுப்பிவிட்டு, உடனே மூளையின் அமிக்டலா பகுதியில் புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியபோது எலிகளின் பயம் குறைந்தது. எழுப்பப்படும் நினைவு மறுபடி இறுகச் சிறிது நேரம் எடுக்கிறது என்று தெரிந்தது அரிய கண்டுபிடிப்பு. ஆனால் அந்த மருந்தை மனிதர்களுக்குக் கொடுக்க முடியாது. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பாதுகாப்பான மருந்தான புரோப்ரனலாலைக் கொண்டு மனிதர்களிடம் செய்த சோதனைகளின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இருக்கும் சிகிச்சைகளின் நோக்கமும் அழிப்பது அல்ல. நினைவு இருக்கும், அது வரும்போது உடல் நடுங்காது. அதுவே பெரிய விடுதலை.

மறதிநோய் என்று அவசரப்படுவதும், அலட்சியமாக விடுவதும்

நேற்றுவரை தெளிவாக இருந்த வயதானவர் இன்று ஆள் தெரியாமல் உளறினால், அதை "மறதிநோய் முற்றிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். மறதிநோய் மாதங்களிலும் ஆண்டுகளிலும் நகர்வது. மணிக்கணக்கில், நாட்கணக்கில் வரும் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீரிழப்பு, புதிதாகத் தொடங்கிய மருந்து, அறுவை சிகிச்சை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பக்கவாதமும் இப்படித் தொடங்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம் இது. எனக்குத் தெரிந்து குடும்பங்கள் செய்யும் தவறுகளில் உயிருக்கே ஆபத்தானது இந்தத் தாமதம்தான்.

மெல்ல வரும் மறதியை "வயசானால் அப்படித்தான்" என்று ஒதுக்குவதும் கூடாது. பெயர் சட்டென்று நினைவுக்கு வராமல் பிறகு வருவது இயல்பு. பழகிய வழி தெரியாமல் போவதும், கணக்குவழக்கு திடீரென்று குழம்புவதும், ஒரே கேள்வியைச் சற்று நேரத்துக்குள் திரும்பத் திரும்பக் கேட்பதும் பரிசோதிக்க வேண்டியவை. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, மண்டையோட்டுக்குள் மெல்லக் கசியும் இரத்தம் ஆகியவை மறதிநோய் போலவே தோன்றும், ஆனால் சிகிச்சை உண்டு. டைஃபென்ஹைட்ரமைன் போன்ற பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகளும் முதியவர்களின் நினைவைக் குழப்பும். ஆகவே சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.

மறதிநோய் என்று உறுதியான பிறகு, "நான் யார், சொல்லுங்க பார்ப்போம்" என்று தேர்வு வைக்காதீர்கள். மறைந்துபோன துணையை அவர் தேடும்போது ஒவ்வொரு முறையும் இறந்த செய்தியைச் சொல்லாதீர்கள். அவருக்கு அது ஒவ்வொரு முறையும் புதுச் செய்தி. அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல், மறதிநோயின் மிகப் பரவலான வகையான அல்சைமர் வந்தவர்களுக்குச் சோகமான, மகிழ்ச்சியான படக்காட்சிகளைக் காட்டினார்கள். பார்த்தது என்ன என்பது சில நிமிடங்களில் மங்கிவிட்டது. அது எழுப்பிய சோகமும் மகிழ்ச்சியும் அதன் பிறகும் நீடித்தன. "எப்படியும் மறந்துவிடுவார்" என்று நினைத்துக் கடிந்து பேசுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். "அவரைப் பற்றிச் சொல்லுங்களேன்" என்று பேச்சைத் தொடர்ந்தால் போதும்.

செய்தியில் வரும் எண்கள்

2022இன் இறுதியில் லெக்கனெமாப் மருந்து அல்சைமரை 27 சதவீதம் குறைத்தது என்று செய்திகள் வந்தன. ஆரம்ப நிலையில் இருந்த 1,795 பேரிடம் 18 மாதங்கள் நடந்த சோதனை அது. மருந்து எடுத்தவர்களும் சரிந்தார்கள், ஆனால் மெதுவாக. நினைவையும் அன்றாடச் செயல்பாட்டையும் அளக்கும் 18 புள்ளி அளவுகோலில், மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் வித்தியாசம் 0.45 புள்ளி. இழந்த நினைவைத் திருப்பித் தரும் மருந்து அல்ல இது. மருந்து எடுத்தவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. வீணான மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. சதவீதத்தைப் பார்த்தால், எதிலிருந்து, எவ்வளவு காலத்தில், என்ன விலை கொடுத்து என்றும் கேட்க வேண்டும்.

அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தைப் பற்றிய பிரபலமான 2006 கட்டுரை ஒன்று, படங்கள் திருத்தப்பட்டிருந்ததால் 2024இல் திரும்பப் பெறப்பட்டது. அதைக் கேட்டு அல்சைமர் ஆராய்ச்சியே மோசடி என்பது அவசரம். அமிலாய்டுக்கான சான்றுகள் பரம்பரை மரபணு ஆய்வுகள் உட்படப் பல இடங்களிலிருந்து வருகின்றன.

ஜிங்கோ மர இலையிலிருந்து செய்யும் மாத்திரை மறதிநோயைத் தடுக்காது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களிடம் நடந்த 2008 சோதனை அதைத் தெளிவாக்கியது. அந்தப் பணத்தைக் காது கேட்கும் கருவிக்கும் இரத்த அழுத்த மருந்துக்கும் செலவிடலாம். லான்செட் மருத்துவ இதழின் குழு 2024இல் பட்டியலிட்ட 14 ஆபத்துக் காரணிகளில் செவித்திறன் இழப்பும் உயர் இரத்த அழுத்தமும் இருக்கின்றன.

அதிர்ச்சியும் மறதியும் சேரும்போது

கிறிஸ்டின் யாஃபி குழு 2010இல் அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 1,81,093 பேரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வை வெளியிட்டது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தம் இருந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கும், இல்லாதவர்களில் 6.6 சதவீதம் பேருக்கும் மறதிநோய் வந்தது. இதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம். மனஅழுத்த நோய் இருந்தவர்களிலும் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு அந்தக் காலத்தில் மறதிநோய் வரவில்லை. ஒன்று மற்றதற்குக் காரணம் என்றும் இந்த எண்களால் நிரூபிக்க முடியாது.

பராமரிப்பில் நடக்கும் தவறு இதைவிட நெருக்கமானது. போரையோ வன்முறையையோ கடந்து வந்த ஒருவர், அந்த நினைவை எத்தனையோ ஆண்டுகள் அடக்கி வைத்திருப்பார். மறதிநோய் அந்த அடக்கும் திறனைத் தளர்த்தும்போது பழைய பயம் மேலே வரும். குளிப்பாட்ட உடையைக் கழற்றும்போது அடிப்பார், கதவைப் பூட்டினால் அலறுவார், சீருடை அணிந்தவரைக் கண்டால் ஒளிந்துகொள்வார். அதைப் பிடிவாதம் என்று எழுதிவிட்டு மனநோய் மருந்து கொடுத்து அடக்குவது எளிது. ஆனால் மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இந்த மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005இலேயே எச்சரித்தது. அதனால் அவர் வாழ்ந்த வாழ்க்கை தெரிந்தவர்கள், அவருக்கு எதைக் கண்டால் பயம், எந்தக் குரல் ஆறுதல், இருட்டு ஒத்துக்கொள்ளுமா, யார் தொட்டால் பதறமாட்டார் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, பகலிலும் இரவிலும் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். நோயின் ஆரம்பத்திலேயே அவரிடமே கேட்டு எழுதினால் இன்னும் நல்லது.