தோள் வலிக்குதுன்னு உடனே லேசான துப்பாக்கி வாங்கிடாதீங்க

அறுபதைத் தாண்டினவங்க புறா சுடப் போய்ட்டு வந்து தோளைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா முதல்ல யோசிக்கிறது "துப்பாக்கி கனமா இருக்கு, லேசா ஒண்ணு வாங்கிடலாம்"னுதான், நானும் அப்படித்தான் யோசிச்சேன், காசும் போச்சு தோளும் போச்சு, அதனாலதான் இதை எழுதறேன்.

நான் இருக்கறது இங்கிலாந்துல, கிழக்குப் பக்கம், சுத்தி விவசாய நிலம். இங்க புறான்னா கோயில் கோபுரத்துல உக்கார்ற புறா இல்ல, மரப்புறா, ஒண்ணு அரைக் கிலோ வரும், கூட்டமா எறங்குச்சுன்னா ரேப்ங்கற எண்ணெய் விதைப் பயிரையும் பட்டாணியையும் மொட்டையடிச்சுட்டுப் போயிடும். அதனால விவசாயி கூப்பிடுவார், அரசோட பொது லைசென்ஸ்ல சொன்ன விதிப்படி பயிரைக் காப்பாத்தறதுக்காகச் சுடறது. வேலி ஓரமா வலை கட்டி ஹைட் (ஒளிஞ்சு உக்கார்ற மறைப்பு) போட்டு, முன்னாடி பொம்மைப் புறாவை லாட வடிவத்துல வச்சு, நடுவுல எறங்க இடம் விட்டு, காத்து முதுகுப் பக்கம் இருக்கற மாதிரி உக்காந்துக்கணும். நல்ல நாள்னா நூறு தோட்டாவுக்கு மேல போகும். அந்த நூறுலதான் பிரச்சனையே.

மூணு வருஷம் முன்னாடி ஆகஸ்ட்ல பார்லி அறுத்த தாள்ல அப்படி ஒரு நாள். ஏழரை பவுண்டு எடையுள்ள 12 போர் (போர்ங்கறது குழலோட அகலம், நம்பர் கூடினா குழல் சின்னது) மேலுங்கீழுமா இரட்டைக்குழல், 30 கிராம் ரவை, அதாவது சின்னச் சின்ன குண்டு, வச்ச தோட்டா. மறுநாள் காலைல தோள் கத்திரிக்கா கலர்ல இருக்கு, கெட்டிலைத் தூக்க முடியல. "இன்னும் என்ன சின்னப் பையன்னு நெனப்பா"ன்னு வீட்ல ஒரு பாட்டு வேற. நேரா ஒரு கடைக்குப் போனேன், கடைக்காரர் வயசைப் பாத்ததும் ஆறேகால் பவுண்டு 20 போர் ஒண்ணை எடுத்துக் கையில குடுத்தார், கடைக்குள்ள தூக்கிப் பாத்தா குச்சி மாதிரி இருந்துச்சு, சந்தோஷமா வாங்கிட்டேன். "இதுல 28 கிராம் போடலாம், 12 போருக்குக் கொஞ்சமும் கொறையாது"ன்னும் சொன்னார். அடுத்த தடவை வயல்ல நாப்பதாவது தோட்டாவுக்குள்ளயே நிறுத்திட்டு ஃப்ளாஸ்க்கைத் திறந்து டீ குடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், புறா பாட்டுக்கு எறங்கி மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

ஏன்னா சுடறப்போ துப்பாக்கி பின்னாடி வந்து தோள்ல குடுக்கற உதை போர் சைஸைப் பாத்து வர்றதில்ல. முன்னாடி எவ்வளவு ரவை எவ்வளவு வேகமா போகுதோ அதுக்குத் தகுந்த மாதிரி துப்பாக்கி பின்னாடி வருது, துப்பாக்கி கனமா இருந்தா மெதுவா வரும், லேசா இருந்தா வேகமா வரும், அவ்வளவுதான். அதே தோட்டாவை ஏழரை பவுண்டுல இருந்து ஆறேகால் பவுண்டுக்கு மாத்தினா உதையோட சக்தி கணக்குப்படி 20 சதவீதம் ஏறுது. அதுவே துப்பாக்கியை மாத்தாம, அதே வேகத்துல போற தோட்டால 28 கிராமை 21 கிராம் ஆக்கினா கிட்டத்தட்ட 40 சதவீதம் எறங்குது. நான் 30ல இருந்து 28க்கு எறங்கி கொஞ்சூண்டு மிச்சம் பிடிச்சேன், எடையக் கொறச்சு அதை மொத்தமா திருப்பிக் குடுத்துட்டேன்.

இன்னொண்ணு, ஹைட்ல கனம் உண்மைல எப்போ தொந்தரவு பண்ணுதுன்னு யோசிச்சுப் பாருங்க. காட்டு ஓரமா நாள் முழுக்கத் துப்பாக்கியைக் கையில தூக்கிக்கிட்டு நடக்கறவருக்கு ஒரு பவுண்டு பெருசு, ஒத்துக்கறேன். நாம உக்காந்திருக்கோம், துப்பாக்கி பக்கத்துல சாஞ்சு இருக்கு, புறா வர்றப்போ எடுத்து தோள்ல வச்சு சுட்டுட்டு எறக்கிடறோம், ஒரு தடவைக்கு நாலஞ்சு செகண்டுதான் கனம் கையில இருக்கு. கார்ல இருந்து ஹைட் வரைக்கும் நடக்கறதுதான் கஷ்டம், அதுக்கு அகலமான வார் வச்ச உறையோ ரெண்டு சக்கர வண்டியோ போதும். வலி எங்க இருந்து வருதுன்னு முதல்ல பிரிச்சுப் பாருங்க, தூக்கறதுலயா உதைலயா. நெறைய பேருக்கு உதைதான்.

அதனால துப்பாக்கி வாங்கறதுக்கு முன்னாடி தோட்டாவை மாத்துங்க. இருக்கற 12 போர்லயே 24 கிராமோ 21 கிராமோ ஒரு பெட்டி வாங்கிப் போட்டுப் பாருங்க. பொம்மைக்கு எறங்கற புறா 25, 30 கெஜத்துக்குள்ள வரும், அந்தத் தூரத்துக்கு அது தாராளம், தூரமா போறதை விட்டுடுங்க, காயம் பட்டுப் பறக்கறதை விட அது எவ்வளவோ மேல். பாதிப் பேருக்கு இதுலயே வேலை முடிஞ்சுடும், பர்ஸும் தப்பிக்கும். தோட்டா வாங்கறப்போ உள்ள மருந்துக்கும் ரவைக்கும் நடுவுல இருக்கற வாட்ங்கற அடைப்பு எதுல செஞ்சதுன்னு பாத்துக்கோங்க, பிளாஸ்டிக் வாட் வயல்ல கிடந்தா விவசாயி அடுத்த தடவை கூப்பிட மாட்டார்.

அதுக்கும் வலி போகலன்னா கேஸ்ல ஓடற செமி ஆட்டோ பாருங்க. எனக்கு வழி காட்டினது கூட வர்ற எழுபத்தி நாலு வயசு வெள்ளக்கார நண்பர்தான், நான் டீ குடிக்கறதைப் பாத்துட்டு தன்னோடதை நீட்டி மூணு தோட்டா போட்டுப் பாருன்னார். முதல் வெடிலயே வித்தியாசம் தெரிஞ்சுடுச்சு. என் இரட்டைக்குழல் தோள்ல குத்து விடும், இது ஒரு தள்ளு தள்ளிட்டு விட்டுடுச்சு. குழல்ல சின்ன ஓட்டை இருக்கு, அது வழியா கொஞ்சம் வாயு வந்து பிஸ்டனைத் தள்ளுது, பிஸ்டன் போல்ட்டைப் பின்னாடி தள்ளி காலித் தோட்டாவை வெளிய எறிஞ்சு அடுத்ததை உள்ள ஏத்துது, இவ்வளவும் நடக்கற நேரத்துல உதை பிரிஞ்சு மெதுவா வந்து சேருது. வாயு இல்லாம உதையோட அசைவுலயே, அதாவது இனர்ஷியால, ஓடற செமி ஆட்டோவும் உண்டு, அழுக்குக் கம்மி, எடையும் பொதுவா கம்மி, ஆனா தோளுக்கு கேஸ் அளவுக்கு சாந்தமா இருக்காது. தோளுக்காக வாங்கறீங்கன்னா கேஸ்தான், இதுல எனக்கு ரெண்டாவது யோசனை இல்ல.

குறையும் இருக்கு. காலித் தோட்டா வலது பக்கம் பறந்து பக்கத்துல இருக்கறவர் மடியில விழும், பிஸ்டனை அப்பப்போ கழட்டித் துடைக்கணும், லேசான 21 கிராம் போட்டா சிலது அடுத்ததை ஏத்தாம பாதில நின்னுடும், அதனால நீங்க போடப்போற தோட்டாவைப் போட்டே சோதிக்கணும். மெகஸின்ல (தோட்டா வரிசையா நிக்கற குழாய்) தோட்டாவைத் தள்ளறப்போ கட்டை விரலுக்கு வேலை ஜாஸ்தி, விரல் மூட்டு வாதம் இருந்தா கடைலயே டம்மித் தோட்டா வச்சு பத்து தடவை ஏத்தி எறக்கிப் பாருங்க. போல்ட் கைப்பிடி சின்னதா இருந்தா பெருசு மாத்திக்கலாம், குளிர்ல விரல் மரத்துப் போறப்போ அருமை தெரியும். போலீஸ் குடுக்கற சாதாரண ஷாட்கன் சர்ட்டிஃபிகேட்ல வைக்கணும்னா மெகஸின்ல ரெண்டு தோட்டாவுக்கு மேல ஏறக்கூடாது, குழலோட பின்பக்கம் தோட்டா உக்கார்ற சேம்பர்ல ஒண்ணு, மொத்தம் மூணு, குழலும் 24 இஞ்சுக்குக் கொறையக்கூடாது.

இரட்டைக்குழலை விட மனசு வராதவங்களுக்கு, அந்த வலி எனக்கும் தெரியும், கனமான 20 போர் நல்ல வழி. ஏழு பவுண்டு பக்கம் இருக்கணும், 24 கிராமுக்கு மேல போடவே கூடாது. மேலுங்கீழுமா இருக்கறதுல கீழ்க்குழலை முதல்ல சுடற மாதிரி வச்சுக்கோங்க, அது தோளுக்கு நேரா உதைக்கும், முனை ரொம்ப எகிறாது. ஆனா அதுல கீழ்க்குழல்ல தோட்டா போட துப்பாக்கியை நல்லா மடக்கணும், பக்கம் பக்கமா இருக்கற பழைய மாடல் அவ்வளவு மடங்க வேண்டாம், ஸ்டூல்ல உக்காந்து மடியில வச்சு லோட் பண்றப்போ இது புரியும். புதுத் துப்பாக்கியோட மடக்கு டைட்டா இருக்கும், விரல் வலிக்காரங்களுக்கு நல்லா பழகின செகண்ட் ஹாண்டே சுகம்.

20 போருக்கு மாறறவங்க இதை மட்டும் ரெண்டு தடவை படிங்க. வீட்ல 12 போரும் 20 போரும் இருந்தா ரெண்டு தோட்டாவும் ஒரே பைல, ஒரே கோட் பாக்கெட்ல இருக்கவே கூடாது. 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள்ள வழுக்கிப் போய்க் கொஞ்ச தூரத்துல சிக்கிக்கும், வெளிய தெரியாது, "அடடா லோட் பண்ணலையே"ன்னு பின்னாடி ஒரு 12 போரைப் போட்டுச் சுட்டா குழல் வெடிச்சு இடது கை போயிடும். 20 போர் தோட்டாவை மஞ்சள் கலர்ல செய்யறதே இதுக்குத்தான். பழைய தோட்டாப் பையையும் கோட்டையும் உதறிட்டுப் புதுசை உள்ள வைங்க.

இப்போ ஃபிட்டிங், துப்பாக்கியை உடம்புக்கு அளவா ஆக்கறது. இதை விட்டுட்டு மத்தது எல்லாம் பண்ணாலும் வலி போகாது. இளவயசுல உடம்பு துப்பாக்கிக்கு ஏத்த மாதிரி வளைஞ்சு குடுத்துச்சு, இப்போ கழுத்து திரும்பாது, தோள் முன்னாடி சரிஞ்சிருக்கு, கை நீளாது. ட்ரிக்கர்ல இருந்து தோள்ல வைக்கற கட்டை முடியற வரைக்கும் உள்ள நீளம் பொதுவா பதினாலரை இஞ்சு பக்கம் வரும், நமக்குக் கால் இஞ்சு அரை இஞ்சு கொறச்சாதான் உக்காந்த நிலைல அக்குள்ல சிக்காம மேல வரும். குளிர்கால கோட்டே அரை இஞ்சு சாப்பிட்டுடும், அதனால கடைக்குப் போறப்போ சட்டையோட போகாதீங்க, வயலுக்குப் போடற கோட்டையே போட்டுட்டுப் போங்க, கடைக்காரர் சிரிச்சா சிரிக்கட்டும். கன்னம் படற இடம் தாழ்வா இருந்தா ஒவ்வொரு வெடிக்கும் கட்டை எகிறி கன்னத்துல அறையும், சாயங்காலம் வர்ற தலைவலி அதுதான், வெடிச் சத்தத்தாலன்னு நெனச்சுக்கிட்டிருப்போம். ஏத்தி எறக்கற மாதிரி கன்னக்கட்டை வச்சது கிடைக்கும், இருக்கறதுலயே போட்டும் தருவாங்க. பின்னாடி மெத்துனு ஒரு நல்ல ரப்பர் பேட், அது மொத்த அடிப்பரப்பும் தோள்ல படணும், கீழ் நுனி மட்டும் குத்துனா அந்த ஒரு இடம் கன்னிப் போகும்.

நான் கடைல பண்ற சோதனை இதுதான். காலியான்னு மடக்கி ரெண்டு தடவை பாத்துட்டு, ஒரு நாற்காலி கேட்டு வாங்கி உக்காந்து, சுவர் மூலைல ஒரு புள்ளியைப் பாத்துட்டு கண்ணை மூடி தோள்ல வைக்கணும். கண்ணைத் திறந்தா முனை அந்தப் புள்ளிக்கிட்ட இருக்கணும், மூக்குக்கும் கட்டை விரல் முட்டிக்கும் நடுவுல ரெண்டு விரல் இடம் இருக்கணும். இப்படி நிறுத்தாம இருபது தடவை. முதல் அஞ்சு எல்லாத் துப்பாக்கிக்கும் நல்லாத்தான் வரும், பதினஞ்சுக்கு மேல முனை தொங்க ஆரம்பிச்சா அது முன்கனம், வேண்டாம். ஹைட்டுக்கு 28 இஞ்சு குழல் போதும், 32 இஞ்சு வலைல மாட்டும். முடிஞ்சா துப்பாக்கிக் கட்டை அளவெடுக்கறவர்கிட்ட ஒரு மணி நேரம் காசு குடுத்துப் போங்க, அவர்கிட்ட எல்லாப் பக்கமும் திருகி மாத்தற சோதனைத் துப்பாக்கி இருக்கும்.

கண்ணும் மாறும். வலது கண் ஆட்சில, அதாவது குறி பாக்கறதுல வலது கண் முந்தி நிக்க, சுட்டுக்கிட்டிருந்தவருக்குப் புரை விழுந்ததும் இடது கண் ஆட்சியை எடுத்துக்கும், எல்லாம் பக்கத்துல போகுதேன்னு துப்பாக்கி மேல பழி போடுவோம். ரெண்டு கண்ணும் திறந்து தூரத்துல ஒண்ணை விரலால காட்டி, வலது கண்ணை மட்டும் மூடிப் பாருங்க, விரல் நகராம அங்கேயே நின்னா ஆட்சி இடதுக்குப் போயிருக்கு. கண்ணாடில இடது பக்கம் சின்ன டேப் ஒட்டினாலே பலருக்குச் சரியாயிடும்.

ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களுக்கு சின்ன உதைக்கே தோள் கருத்துப் போகும், அவங்க லேசான தோட்டா, நல்ல பேட் ரெண்டும் விடக்கூடாது. பேஸ்மேக்கரைப் பெரும்பாலும் இடது பக்கம் வைப்பாங்க, இடது தோள்ல சுடறவங்க இதய டாக்டர்கிட்ட கேக்காம துப்பாக்கியைத் தொடாதீங்க. காதுக்கு மூடி சொல்லவே வேண்டாம், போன காது போனதுதான்.

இன்னொரு பக்கம் ஈயத் தோட்டா போகப் போகுது. 2025 ஜூலைல அரசு அறிவிச்சுட்டாங்க, மாறறதுக்கு மூணு வருஷ அவகாசத்தோட. இரும்பு ரவை ஈயத்தை விட லேசு, அதே அடி வேணும்னா ரெண்டு சைஸ் பெரிய ரவை, கொஞ்சம் கூட வேகம். அதனால இப்போ வாங்கறதுல இரும்புக்கு ஏத்த குழலா பாருங்க, பலமான இரும்புத் தோட்டான்னா குழல்ல பூ மாதிரி ப்ரூஃப் முத்திரை (அழுத்தம் தாங்கும்னு சோதிச்ச அடையாளம்) இருக்கணும், குழல் முனைல ரவை பரவாம இருக்க வைக்கற குறுகல், சோக், பாதிக்கு மேல வேண்டாம். ரெண்டரை இஞ்சு சேம்பர் வச்ச தாத்தா காலத்துத் துப்பாக்கி மலிவா கிடைக்குதுன்னு விழுந்துடாதீங்க, இன்னைக்குத் தோட்டா நெறைய அதுக்குப் பொருந்தாது.

கடைசில காசு குடுக்கறதுக்கு முன்னாடி களிமண் தட்டு சுடற மைதானத்துல உங்க தோட்டாவோட ஐம்பது சுட்டுப் பாக்க விடுவாங்களான்னு கேளுங்க, மாட்டேன்னா வேற கடை. வாங்கின ஏழு நாளைக்குள்ள போலீஸுக்குத் தெரிவிக்கணும், பழசை வித்தாலும் அதே ஏழு நாள்தான். என் 20 போரை நான் விக்கல, 21 கிராம் போட்டு வேலி ஓரமா நடக்கறப்போ மட்டும் எடுத்துக்கறேன், ஹைட்டுக்கு கேஸ் ஆட்டோதான் போகுது.