‘பார்த்தேன்’ என்றால் போதாது, எதை? ஸ்பானிஷில் லோவும் லாவும் போடும் முறை

“கோபுரத்தைப் பார்த்தீர்களா?” என்று கேட்டால் நாம் “பார்த்தேன்” என்று முடித்துவிடுவோம். எதை என்று இன்னொரு தரம் சொல்லத் தேவையே இல்லை. ஸ்பானிஷ்காரரிடம் இப்படி வெறும் வினையோடு நிறுத்தினால், மீதி எப்போது வரும் என்று நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அங்கே “சீ, லா பீ” என்றுதான் சொல்ல வேண்டும். ‘ஆமாம், அதைப் பார்த்தேன்.’ அந்த ‘லா’தான் ‘அதை’.

மீனாட்சியம்மன் கோயில் வாசலில் கைடு வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் சொல்லித் தருகிறேன். லோ, லா, லோஸ், லாஸ் என்று நாலையும் ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் பேசும்போது ஒன்றுகூட வாயில் வராது. தமிழில் விட்டுவிட்டுப் பேசிய பழக்கம். அதனால் முதல் பயிற்சி இதுதான்: வினையைச் சொல்ல வாயெடுக்கும்போதே ‘எதை? யாரை?’ என்று உள்ளுக்குள் ஒரு கேள்வி. பதில் இருந்தால் அதற்கு ஒரு சின்னச் சொல் கட்டாயம் வேண்டும்.

அந்தச் சொற்கள்: என்னை என்றால் மே, உன்னை தே, எங்களை அல்லது நம்மை நோஸ். ஸ்பெயினில் நெருங்கியவர்கள் பலர் இருந்தால் அவர்களிடம் ‘உங்களை’ என்பதற்கு ஓஸ். மற்றபடி அவனை, அவரை, அதை எல்லாமே ஆண்பாலுக்கு லோ, பெண்பாலுக்கு லா, பன்மையில் லோஸ், லாஸ். மரியாதையாக ‘உங்களை’ என்பதற்கும் இதேதான். ஓர் அம்மாவிடம் “நாளைக்கு உங்களைக் கூப்பிடுகிறேன்” என்றால் “லா யாமோ மன்யானா”. ஐயாவாக இருந்தால் “லோ யாமோ”.

பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு என்பது நமக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். செல்போன் ஆண்பால். ஸ்பெயினில் மோபில் என்பார்கள், லத்தீன் அமெரிக்காவில் செலுலார், இரண்டுக்கும் லோதான். பூக்கள், ஃப்லோரெஸ், பெண்பால்; மல்லிகைச் சரத்தை நீட்டி “லாஸ் கியேரே?” என்று கேட்கலாம். தண்ணீரில்தான் எல்லோரும் மாட்டுவது. ஆண்பால் சொல்லுக்கு முன்னால் வழக்கமாக வரும் ‘எல்’ இங்கேயும் எல் ஆகுவா என்று வருவதைப் பார்த்து ஆண்பால் என்று நினைத்துவிடுவார்கள். அது பெண்பால். வெயிலில் வருகிறவரிடம் “தண்ணீர் ஜில்லென்று வேணுமா?” என்று கேட்க வேண்டுமானால் “எல் ஆகுவா, லா கியேரே ஃப்ரீயா?”

சரி, எங்கே வைப்பது? இங்கே நமக்கு அதிர்ஷ்டம். ‘அதை வாங்குகிறேன்’ என்று தமிழில் எந்த வரிசையோ அதே வரிசைதான்: “லோ கோம்ப்ரோ.” ‘நான்’ என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதும் இல்லை, அதுவும் நம்மைப் போலவே. இங்கிலீஷ் வழியாக ஸ்பானிஷ் படிப்பவர்கள்தான் வினைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துத் தடுமாறுகிறார்கள். ஆகவே இங்கிலீஷில் யோசிக்காதீர்கள், நேராகத் தமிழிலிருந்து போங்கள். எதிர்மறை என்றால் ‘நோ’ முதலில் வரும்: “நோ லோ கோம்ப்ரோ.” ‘பார்த்திருக்கிறேன்’ போன்ற இரட்டை வினையிலும் இரண்டுக்கும் முன்னால்தான்: “லோ ஏ பிஸ்தோ.” நடுவில் செருகக் கூடாது.

கட்டளை இடும்போதுதான் கதை மாறுகிறது. கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வந்தவர் ஷூ போட்டிருந்தால் அது ஸபாதோஸ், ஆண்பால் பன்மை. “இங்கே விடுங்கள்” என்பதற்கு “தேஹெலோஸ் அகீ.” அவர் மனைவி சாண்டல்ஸ் போட்டிருந்தால் சந்தாலியாஸ், பெண்பால். அவருக்கு “தேஹெலாஸ் அகீ.” முதலில் காலைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். கவனியுங்கள், லோஸும் லாஸும் வினையின் வாலில் ஒட்டிக்கொண்டன. ஆனால் “இங்கே விடாதீர்கள்” என்று தடுத்தால் பழையபடி முன்னால் போய்விடும்: “நோ லோஸ் தேஹே அகீ.” செய் என்றால் பின்னால், செய்யாதே என்றால் முன்னால்.

‘வாங்க’, ‘வாங்கிக்கொண்டு’ போன்ற எச்சங்களிலும் வாலில் ஒட்டலாம். “கியேரோ கோம்ப்ரார்லோ” என்றாலும் “லோ கியேரோ கோம்ப்ரார்” என்றாலும் ‘அதை வாங்க விரும்புகிறேன்’தான். எது வாய்க்கு வருகிறதோ அதைச் சொல்லுங்கள்.

நம் ஆட்கள் பொருளை முதலில் சொல்லிப் பேசுகிறவர்கள். “செல்போனை இங்கே கொடுங்க”, “தூணை எண்ணியாச்சு” என்போம். ஸ்பானிஷிலும் அப்படி ஆரம்பிக்கலாம், தப்பில்லை. ஆனால் குறிப்பிட்ட ஒரு பொருளை முன்னால் இழுத்துவிட்டால் சின்னச் சொல்லையும் போட்டே ஆக வேண்டும். ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் 985 என்று சொன்னதும் “லாஸ் கோந்தோ?”, எண்ணினீர்களா என்று யாராவது கேட்பார்கள். எண்ணியிருந்தால் பதில்: “லாஸ் கொலும்னாஸ் லாஸ் கோந்தே.” தூண்களை, அவற்றை எண்ணினேன். நமக்கு இரண்டு தரம் சொல்வதுபோல் இருக்கும். அவர்களுக்கு அதுதான் சரி.

அப்புறம், ‘ஐ’ வந்தால் லோ, லா; ‘கு’ வந்தால் லே. அவருக்கு என்பதுதான் லே. இந்தக் கணக்கு பெரும்பாலும் உதவும், சில வினைகளில் காலை வாரும். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன் என்கிறோம். ஸ்பானிஷில் அது “லோ எஸ்பேரோ”, ‘ஐ’ கணக்கு. அவரைக் கேட்டேன் என்று நம் பக்கம் சொல்வதுண்டு. அங்கே “லே ப்ரெகுந்தே”, ‘கு’ கணக்கு. பிடிப்பதில் இன்னும் கவனம் வேண்டும். ‘எனக்கு அதைப் பிடிக்கும்’ என்பதில் ‘ஐ’ இருக்கிறதே என்று லோ போடாதீர்கள். “மே குஸ்தா”, அவ்வளவுதான். எனக்குப் பிடிக்கும் என்று ‘அதை’யை விட்டுவிட்டுச் சொல்லும் தமிழ்தான் இங்கே பொருந்தும்.

இரண்டும் சேர்ந்து வந்தால் வரிசை மறுபடியும் நம்முடையதே. ‘எனக்கு அதைத் தருகிறார்’: “மே லோ தா.” ‘அவருக்கு அதைக் கொடுக்கிறேன்’ என்பதில் மட்டும் லே, லோ இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்காது. லே போய் சே வரும்: “சே லோ தோய்.” சுங்குடிச் சேலைக் கடையில் நிற்பவர்களுக்கு இன்னொரு வாக்கியம் தினமும் உதவும். வாங்க முடிவு செய்தவர் “மே லோ யேபோ” என்பார். எடுத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். சாரி அங்கே ஆண்பால், அதனால்தான் லோ. உடனே பில் போடலாம்.

மாட்ரிட் பக்கத்து ஆள் ஓர் ஆணைப் பற்றி “லே பீ” என்றால், நான் லோ என்று படித்தேனே என்று திருத்தப் போகாதீர்கள். ஆண் ஒருவரைச் சொல்லும்போது லே வருவதை ஸ்பானிஷ் அகாதெமியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. நீங்கள் லோ என்றே சொல்லுங்கள், எங்கேயும் செல்லும். பொருளைச் சொல்லும்போது மட்டும் லே போட்டுவிடாதீர்கள்.