பீடாதிபதியிடம் எதற்குப் போவது?

போன கிழமை ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு தங்கச்சி பஸ் ஏறி, பம்பைமடுவில் உள்ள வவுனியா பல்கலைக்கழகத்துக்குப் போனாள். காய்ச்சலால் பரீட்சை தவறிவிட்டது; பீடாதிபதியை (டீன்) நேரே பார்த்தால் சரி என்று நினைப்பு. அவர் கூட்டத்தில். பின்னேரம் வரை வாங்கிலில் இருந்ததுதான் மிச்சம்.

பீடாதிபதி ஒரு பீடத்தின், அதாவது பல துறைகள் சேர்ந்த பிரிவின், கல்விக்கும் நிர்வாகத்துக்கும் தலைவர். பீடச் சபைக் கூட்டங்களை நடத்துவார். பாடத்திட்ட மாற்றம், பரீட்சைச் சலுகை எல்லாம் அந்தச் சபை வழியாகத்தான் மேலே போகும். பதவிக்காலம் 3 ஆண்டு. அதனால் அண்ணாமார் சொன்ன பெயரை நம்பிக் கடிதம் எழுதாதீர்கள், பதவியை மட்டும் எழுதுங்கள்.

பாடம், விரிவுரை பற்றிய சிக்கல் என்றால் முதலில் துறைத்தலைவர். பரீட்சை தவறினால் மருத்துவச் சான்றிதழோடு பீட அலுவலகம். கடிதத்தில் பதிவிலக்கம், பாடக்குறியீடு, பரீட்சைத் திகதி மூன்றும் முதல் வரியிலேயே வரட்டும். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரைதான் பிறகு உங்கள் வாய். அங்கேயும் சரிவராவிட்டால் அப்புறம் பீடாதிபதி.

அமெரிக்காவின் சிறிய 'லிபரல் ஆர்ட்ஸ்' (கலையும் அறிவியலும் சேர்த்துப் படிப்பிக்கும்) கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள் கவனம்: அங்கே 'டீன்' ஒருவர் அல்ல. ஆசிரியர் நியமனம், பாடத்திட்டம் பார்ப்பவர் ஒருவர். மாணவர் நலன் பார்ப்பவர் வேறொருவர். புதிய மாணவர் அனுமதியைப் பார்க்கவும் பெரும்பாலும் தனி டீன். மின்னஞ்சலை யாருக்கு அனுப்புகிறீர்கள் என்று பார்த்து அனுப்புங்கள்.