"இருண்ட காலம்" என்று எழுதுவதற்கு முன்

வரலாற்றுக் கட்டுரை எழுதப் பழகுகிறவர்களின் வரைவுகளைச் சில வருடங்களாகத் திருத்திக் கொடுக்கிறேன். பலர் "இருண்ட காலம்" என்று சொல்லும், ரோம் வீழ்ந்த பிறகான ஐரோப்பா, அதாவது 5 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை என்று வந்துவிட்டால், ஒரு காலத்தில் நான் செய்த அதே பிழைகள் வரிசையாக வருகின்றன. ஆண்டுக் குழப்பம், பெயர் உச்சரிப்பு எல்லாம் தானே சரியாகிவிடும், விடுங்கள்.

பழைய ரோமானிய நூல்களைக் கிறிஸ்தவ மடத்துத் துறவிகள் அழித்தார்கள் என்பது

இந்த வரியைப் பார்த்தால் இன்றும் கோபம் வருகிறது. என் முதல் நீண்ட கட்டுரையே இதன்மேல்தான் நின்றது. மூன்று மாத உழைப்பு. படித்த மூத்தவர் ஒருவர் ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார்: "சீசரை மேற்கோள் காட்டுகிறாயே, அவர் எழுதியது உன் கைக்கு எப்படி வந்தது?"

தேடிப் போனேன். ரோமானியத் தளபதி சீசர் காலியா (இன்றைய பிரான்ஸ் பகுதி) போர் பற்றி எழுதிய குறிப்புகளுக்கு எஞ்சியிருக்கும் மிகப் பழைய பிரதிகள் 9ஆம் நூற்றாண்டில் மடத்துத் துறவிகள் எழுதியவை. ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸுக்கும் அப்படியே. கட்டுரையைக் கிழித்துப் போட்டேன்.

ரோமானியர் எழுதிய பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள் ஐரோப்பாவின் ஈரத்தில் நீடிக்காது. மறுபடி எழுதி வைக்காத நூல் தானாகவே போய்விடும். 789இல் பிராங்கிய அரசர் சார்லமேன், மடங்களில் பள்ளி நடத்தவும் நூல்களைப் பிழை திருத்தி எழுதவும் ஆணையிட்டார். இங்கிலாந்தின் யார்க்கிலிருந்து வந்த அறிஞர் அல்குயின் அவருக்குத் துணை நின்றார். கோர்பி, தூர் போன்ற மடங்களில் படிக்க எளிதான, உருண்டையான சிறிய எழுத்தில் பிரதி எடுத்துக் குவித்தார்கள். 9ஆம் நூற்றாண்டின் ஏடுகள் மட்டும் சுமார் 7,000 இன்றும் இருக்கின்றன.

துறவிகள் பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு அதே தோல் ஏட்டில் வேறு எழுதியதும் உண்டு. ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் குடியரசு பற்றிய நூல் கிறிஸ்தவ ஆயர் அகஸ்டினின் உரைக்கு அடியில் கிடந்து 1819இல்தான் வெளியே வந்தது. அதையும் எழுதுங்கள். ஆனால் காப்பாற்றிய கைகளை மறைக்காதீர்கள்.

14ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் இந்தக் காலத்தை இருள் என்று பழித்தது லத்தீன் இலக்கியத்தின் சரிவை மனத்தில் வைத்து. அவருக்குப் பின்வந்த மறுமலர்ச்சி அறிஞர்கள், மடத்து ஏடுகளின் எழுத்தை ரோமானியருடையது என்றே நம்பி அதைப் பின்பற்றினார்கள். அச்சுக்கூடத்துக்கும் அதுவே போனது. இன்றைய ஆங்கிலப் புத்தகத்தின் சிறிய எழுத்துகள் அதன் வழிவந்தவை.

பூமி தட்டை என்று நம்பினார்கள் என்பது

இங்கிலாந்தின் ஜாரோ மடத்துத் துறவி பீட், 725இலேயே பூமி பந்துபோல் உருண்டை என்று எழுதிவிட்டார்.

சூனியக்காரி வேட்டையை இங்கே சேர்ப்பது

அது பெரும்பாலும் 15ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியது. வெட்டிவிடுங்கள்.

இருளே இல்லை என்பது

இது புதுப் பழக்கம். 5ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் நாணயப் புழக்கம் நின்றது, சக்கரத்தில் பானை வனைவதுகூட மறைந்தது. ரோம் நகரத்தில் லட்சக்கணக்கில் இருந்த மக்கள் சில பத்தாயிரமாகச் சுருங்கினார்கள். அப்புறம் 541இல் கொள்ளைநோய். அதற்கு நாலே வருடம் முன்னால், 537இல், கிழக்கு ரோமானியத் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளில் ஹாகியா சோபியா பெருந்தேவாலயம் எழுந்து நின்றது.

அதனால்தான் வரைவில் "ஐரோப்பா இருண்டது" என்று கண்டால், பக்கத்தில் பென்சிலால் "எந்த ஊர், எந்த வருடம்?" என்று எழுதித் திருப்பிக் கொடுக்கிறேன்.