நுவொலாரியின் பந்தய வாழ்க்கையை எப்படிப் படிப்பது?

இத்தாலியப் பந்தய ஓட்டுநர் தாட்ஸியோ நுவொலாரி என்று தேட ஆரம்பித்ததுமே எல்லாரும் கேட்பது, மொத்தம் எத்தனை பந்தயம் ஜெயித்தார் என்றுதான். அந்தக் கேள்வியை முதலில் ஓரமாக வையுங்கள். மலையேற்றப் பந்தயம், பைக் பந்தயம், பிரிவு வெற்றி என்று ஒவ்வொருவரும் எதையெதையோ சேர்த்துக் கூட்டுவதால் ஒரு பட்டியல் இன்னொன்றோடு ஒத்துப்போகாது. அதற்குப் பதில் ஒரு நோட்டில் நாலு கட்டம் போடுங்கள்: தேதி, இடம், யாருடைய எந்தக் கார், எதிரே யார் யார். மூன்றாவது கட்டம்தான் முக்கியம், அதை நிரப்பாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

காரிலிருந்து தொடங்காதீர்கள், பைக்கிலிருந்து தொடங்குங்கள். 1892-ல் மாந்துவா பக்கம் கஸ்டல் டாரியோ ஊரில் பிறந்தவர், பெயர் எடுத்தது பியாங்கி 350 சிசி பைக்கில். 1925-ல் மொன்ஸா பந்தயத் தடத்தில் ஆல்ஃபா ரோமியோ பி2 காரைச் சோதித்துப் பார்க்கும்போது விபத்தில் அடிபட்டு, சில நாளில் உடம்பெல்லாம் கட்டோடு அதே மொன்ஸாவில் பைக் ஓட்டி ஜெயித்தார். இந்த வரியைப் பட்டியலில் விட்டுவிட்டால், 1934-ல் காலில் மாவுக்கட்டோடு பெர்லின் ஆவுஸ் தடத்தில் மஸராட்டி ஓட்டி ஐந்தாவதாக வந்தது ஏதோ ஒருநாள் வீம்பு மாதிரித் தெரியும். (மூன்று பெடல்களையும் நல்ல காலாலேயே மிதிக்கும்படி மாற்றி வைத்துக்கொண்டு ஓட்டினார்!)

அடுத்து, ‘ஃபெராரி’ என்று எங்கே பார்த்தாலும் கொஞ்சம் நிதானியுங்கள். அந்தக் காலத்து ஸ்கூடேரியா ஃபெராரி, 1929-ல் என்ஸோ ஃபெராரி தொடங்கிய பந்தய அணி. கார் என்னவோ ஆல்ஃபா ரோமியோதான். ஃபெராரி என்ற பெயரோடு கார் வந்தது 1947-ல். இது தெரியாமல் 1933-ஐப் படித்தால் தலை சுற்றும். அந்த வருடத் தொடக்கத்தில் ஆல்ஃபா பந்தயத்திலிருந்து ஒதுங்கி, தன் மிகச் சிறந்த காரான பி3-ஐப் பூட்டி வைத்துவிட்டது, ஃபெராரி அணிக்குக் கிடைத்தது ‘மொன்ஸா’ என்ற பழைய மாடல் ஆல்ஃபா கார்கள். நுவொலாரி அதிலேயே மில்லே மில்யா என்ற இத்தாலிய நெடுஞ்சாலைப் பந்தயத்தை ஜெயித்தார், பிரெஞ்சு ஓட்டுநர் ரேமோன் சொம்மேரோடு சேர்ந்து ஆல்ஃபாவில் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தார், நடுவருடத்தில் பொறுமை போய் அணியை விட்டு மஸராட்டிக்கு மாறி ஸ்பாவில் பெல்ஜியம் கிராண்ட் பிரீ ஜெயித்தார், அப்புறம் பெல்ஃபாஸ்ட் அருகே ஆர்ட்ஸில் எம்ஜி மேக்னெட் என்ற குட்டிக் காரில் டூரிஸ்ட் டிராஃபியும் வாங்கினார். அவர் போன பிறகு, ஆகஸ்டில், பி3 கார்கள் வெளியே வந்தன. சும்மா ‘1933: பல வெற்றிகள்’ என்று எழுதி வைத்திருந்தால் இந்தக் கூத்தெல்லாம் கண்ணில் பட்டிருக்காது.

புள்ளிப் பட்டியலைத் தலைகீழாகப் படிக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். 1932 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு 2 என்று போகும், குறைந்த புள்ளிதான் ஜெயிக்கும். இத்தாலி, பிரான்ஸ் இரண்டிலும் முதல், ஜெர்மனியில் அந்நாட்டு ஓட்டுநர் காரட்சியோலாவுக்கு அடுத்து இரண்டாவது, ஆக 4 புள்ளியோடு நுவொலாரி சாம்பியன்.

இப்போது கதைகள். 1930 மில்லே மில்யாவில் முகப்பு விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் போட்டி ஓட்டுநர் வார்ட்ஸியின் பின்னாலேயே போய்த் திடீரென்று விளக்கைப் போட்டு முந்தினார் என்பது ரொம்பப் பிரபலம். நம்புவதா வேண்டாமா என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன்னால் பந்தயம் எப்படி நடந்தது என்று பாருங்கள். பிரெஷாவிலிருந்து ரோம் போய்த் திரும்பும் சுமார் 1,600 கிலோமீட்டர் சாலை, கார்கள் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகக் கிளம்பும், கணக்கு கடிகாரத்தில். வார்ட்ஸி முன்னாலும் நுவொலாரி 10 நிமிடம் பின்னாலும் கிளம்பினார்கள். ஆகவே வார்ட்ஸியின் பின்விளக்கு கண்ணுக்குத் தெரிந்த நொடியிலேயே நேரக் கணக்கில் நுவொலாரி ஏறக்குறைய 10 நிமிடம் முன்னால் இருந்தார். விளக்கை அணைத்தாரோ இல்லையோ, முடிவு அதனால் மாறவில்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் சராசரியை அந்தப் பந்தயத்தில் முதன்முதலாகத் தாண்டியது அன்றுதான், என்னைக் கேட்டால் அந்த எண்தான் விளக்கைவிடப் பெரிய கதை.

ஒரே ஒரு பந்தயத்தைச் சுற்றுச் சுற்றாகப் படிக்க நேரம் உண்டென்றால் 1935 ஜூலை 28, நூர்பர்க்ரிங் தடத்தில் நடந்த ஜெர்மன் கிராண்ட் பிரீ. ஒரு சுற்று 22.8 கிலோமீட்டர், மொத்தம் 22 சுற்று. எதிரே ஜெர்மன் அணிகளின் ஐந்து மெர்சிடிஸ், நாலு ஆட்டோ யூனியன் கார்கள். அதற்குள் ஃபெராரி அணிக்கே திரும்பியிருந்த இவர் கையில் சில வருடம் பழசான, குதிரைத்திறனில் வெகுவாகப் பின்தங்கிய ஆல்ஃபா பி3, அதே அணியின் மற்ற இரண்டு ஆல்ஃபாக்களும் சீக்கிரமே நின்றுவிட்டன. நனைந்த தடத்தில் முன்னுக்கு வந்தவர் பெட்ரோல் போட நின்றபோது பம்பு கெட்டுப்போய், கேனிலிருந்து ஊற்றி முடிக்க 2 நிமிடம் 14 விநாடி. மெர்சிடிஸின் ஃபொன் பிரவுகிட்ச் அதே வேலையை 47 விநாடியில் முடித்திருந்தார். ஆறாவதாக வெளியே வந்து மறுபடி ஒவ்வொருவராக எட்டிப் பிடித்தார்.

கடைசிச் சுற்று தொடங்கும்போது பிரவுகிட்ச் இன்னும் அரை நிமிடத்துக்கு மேல் முன்னால். பிறகு அவருடைய பின்டயர் வெடித்தது. இங்கேதான் பலர் ‘அதிர்ஷ்டம்’ என்று எழுதி மூடிவிடுகிறார்கள். நீங்கள் அப்படி எழுதுவதற்கு முன் சுற்று நேரங்களைப் பாருங்கள்: நுவொலாரி விடாமல் நெருக்கியதால்தான் பிரவுகிட்ச் டயரைத் தேய்த்துக்கொண்டு ஓட்ட வேண்டியிருந்தது, நின்று மாற்றினால் முதலிடம் போய்விடும். 4 மணி 8 நிமிடம் சொச்சத்தில் நுவொலாரி முடித்தபோது, இரண்டாவதாக வந்த ஆட்டோ யூனியன் ஓட்டுநர் ஸ்டுக் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் பின்னால்.

1937-ல் வரிகள் குறைவாக இருக்கும். ஆல்ஃபா பின்தங்கியிருந்தது ஒரு காரணம். இன்னொன்று, அமெரிக்கப் பந்தயத்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது மூத்த மகன் ஜோர்ஜோ இறந்த செய்தி வந்தது. அதையும் நோட்டில் எழுதுங்கள். 1938-ல் பாவ் நகரில் ஆல்ஃபா தீப்பிடித்ததோடு அந்த உறவை முறித்துக்கொண்டு, முன்பு தான் தோற்கடித்த ஆட்டோ யூனியனுக்கே போய் மொன்ஸாவிலும் இங்கிலாந்தின் டோனிங்டனிலும் ஜெயித்தார்.

போருக்கு முந்திய பக்கத்தில் கடைசி வரி இப்படி இருக்கும்: 1939 செப்டம்பர் 3, பெல்கிரேட், ஆட்டோ யூனியன், முதலிடம். அன்றுதான் பிரிட்டனும் பிரான்ஸும் ஜெர்மனி மீது போர் அறிவித்தன. நுவொலாரிக்கு அப்போது வயது 46.